நோயுற்ற பூனையும் நம் கடமையும்

"யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. ஆனால் தெருவில் நோயுற்றுக் கிடக்கும் பூனைக்கு அந்தக் காலம் பெரும்பாலும் வருவதே இல்லை. நாய் குரைத்துத் தன் பசியைச் சொல்லும். பசு கத்தித் தன் தாகத்தைச் சொல்லும். பூனையோ, நோய் வந்துவிட்டால் ஓசையின்றி ஒதுங்கிக்கொள்ளும். விறகுக் குவியலின் பின்னே, மாடிப்படியின் அடியிலே, யார் கண்ணிலும் படாமல் சுருண்டு படுத்துவிடும். தன் பலவீனம் பகை உயிர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அதன் பிறவிக் குணம். ஆகவே, ஒரு பூனை பலர் நடக்கும் இடத்தில் சோர்ந்து கிடக்கிறது என்றால், ஒளிந்துகொள்ளவும் அதற்கு வலுவில்லை, நோய் முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அத்தகைய பூனையைக் கண்டால் நாம் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யவே கூடாது? அன்புத் தோழியரே, இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு, நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, துவைக்கும் கல்லின் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், உடல் சூடாக இருந்தது. காய்ச்சல் என்று நானே முடிவு செய்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்ன செய்வார்களோ, அதையே நானும் செய்தேன். பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கரைத்து, அதன் வாயைத் திறந்து ஊற்றினேன். மறுநாள் காலையில் பூனையின் முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. மாலைக்குள் இறந்துவிட்டது. நோய்தான் அதைக் கொன்றது என்று எண்ணி அழுதேன். வேப்ப மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, இரண்டு குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி நட்டு வைத்தேன்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மழை நாள். விடுதிச் சமையலறையின் பின்புறம், தேங்காய் மட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு செவலைப் பூனையைச் சமையல் அக்கா கண்டார். எலும்பும் தோலுமாய், இரு கண்களும் பீளை கட்டி மூடி, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் அதை ஒரு பழைய துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, என்னையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றார்.

பெட்டியைத் திறந்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?" என்பதுதான். "இல்லை, டாக்டர்" என்றார் சிஸ்டர். "நல்ல வேளை!" என்றார் அவர். "ஏன், டாக்டர்?" என்று நான் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தைக் கேட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். வேப்ப மரத்தடிப் பூனையைக் கொன்றது நோய் அன்று. என் கைதான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்பு நஞ்சான கதை

நம் உடலின் இயல்பான வெப்பம் 98.6 பாரன்ஹீட் டிகிரி. பூனைக்கோ 100.5 முதல் 102.5 டிகிரி வரை இயல்பானது. ஆகவே நலமாக உள்ள பூனையும் நம் கைக்குச் சூடாகவே தோன்றும். கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்வது முதல் தவறு.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. நாம் பாராசிட்டமால் உட்கொண்டால், நம் கல்லீரல் அதைக் குளுகுரோனிக் அமிலத்துடன் இணைத்துத் தீங்கில்லாததாக்கிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இந்த இணைப்பைச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் மருந்து வேறு வழியில் சிதைந்து நஞ்சாகிறது. அந்த நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, உயிர்வளியைச் சுமக்க இயலாதபடி செய்துவிடுகிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். காற்று இருந்தும் பூனை மூச்சுத் திணறும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. தவறுதலாகக் கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தை விரைவில் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் இவ்வாறே ஆபத்தானவை.

குளிரில் அகவிய மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை பயன்படுமா என்று எண்ணாமல் கொடுத்த அந்தக் கொடையைப் புலவர்கள் "கொடைமடம்" என்றார்கள். பேகனின் கொடைமடத்தால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. என் கொடைமடத்தால் ஓர் உயிர் போயிற்று. ஆகவே அன்போடு அறிவும் சேர வேண்டும். மருத்துவர் அன்று சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இனி வரிசையாகக் காண்போம்.

நெருங்குவது எப்படி?

நோயுற்ற பூனை அச்சத்தால் கடிக்கும், பிராண்டும். அதைத் துரத்தக் கூடாது. மூலையில் மடக்கவும் கூடாது. முதலில் பெரியவர் ஒருவரை அழைத்து வர வேண்டும். தடித்த துண்டு ஒன்றை மேலே போர்த்தி, துண்டோடு சேர்த்துத் தூக்கி, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் வைக்கலாம். இருட்டும் அமைதியும் அதன் அச்சத்தைத் தணிக்கும்.

வாயில் எச்சில் ஒழுகும் பூனை, காரணமின்றிப் பாய்ந்து கடிக்க வரும் பூனை, தள்ளாடி நடக்கும் பூனை ஆகியவற்றை நாம் தொடவே கூடாது. வாய்ப்புண்ணாலும் எச்சில் ஒழுகலாம், வெறிநோயாலும் ஒழுகலாம். இரண்டையும் பிரித்தறிவது நம் வேலை அன்று. விலகி நின்று, பெரியவர்கள் மூலம் கால்நடை மருத்துவருக்குச் செய்தி சொல்வதே முறை.

முதலில் வெப்பம்

எங்கள் செவலையின் வெப்பநிலையை மருத்துவர் அளந்தபோது 97.8 டிகிரிதான் இருந்தது. நம் கைக்கு அது சில்லென்றே இல்லை. ஆனால் பூனைக்கு அது ஆபத்தான குளிர்ச்சி. குளிர்ந்த உடலில் குடல் சரிவர இயங்காது. எனவே சூடேற்றும் முன் உணவு ஊட்டக் கூடாது. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணியில் படுக்க வைத்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அல்லவா? அடுப்பருகே வைப்பதும், அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டுவதும் தவறு. அழுக்கால் உடனே உயிர் போகாது, குளிரால் போய்விடும்.

அடுத்தது நீர்

பூனையின் தோள்பட்டைக்கு மேலுள்ள தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். நலமான பூனைக்கு அது உடனே படிந்துவிடும். கூடாரம் போல் நின்றாலோ, மெதுவாகப் படிந்தாலோ, உடலில் நீர் வற்றிவிட்டது என்று அறியலாம். ஈறுகள் ஒட்டும் தன்மையோடு இருப்பதும், கண்கள் குழி விழுவதும் மற்ற அடையாளங்கள்.

தானே குடிக்கும் நிலையில் இருந்தால் அகலமான கிண்ணத்தில் நீர் வைத்தால் போதும். குடிக்காவிட்டால், ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கன்னத்தின் ஓரமாகச் சில துளிகள் மட்டும் விட்டு, விழுங்கிய பின்னரே மீண்டும் விடலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையுமே விடக் கூடாது. நீர் மிகவும் வற்றிய பூனையை வாய்வழி நீரால் மட்டும் காப்பாற்ற முடியாது. மருத்துவர் தோலுக்கு அடியிலோ இரத்தக் குழாயிலோ உப்பு நீர் செலுத்துவார். செவலைக்கு நான்கு நாட்கள் அவ்வாறு செலுத்தினார்கள்.

உணவில் நிதானம்

பட்டினி கிடந்த உயிரைக் கண்டால் வயிறார ஊட்டிவிட வேண்டும் என்றே நமக்குத் தோன்றும். அதுவும் ஆபத்துத்தான். 1945ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களில் சிலர், திடீரென நிறைய உண்டதாலேயே இறந்து போனார்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மிகுதியாக உண்ணும்போது, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் அணுக்களுக்குள் விரைந்து புகுந்துவிடும். இரத்தத்தில் அவை குறைந்துபோவதால் இதயமும் தசைகளும் தளர்ந்துவிடும். பூனைக்கும் இதே விதிதான். முதல் நாள், வழக்கமான உணவில் கால் பங்கை மட்டும் பல முறையாகப் பிரித்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

என்ன கொடுக்கலாம்? உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, முள் நீக்கிய மீன், வேகவைத்த முட்டை ஆகியவை ஏற்றவை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், சாம்பார் சோறும் குழம்புச் சோறும் வேண்டாம். பூனை என்றதும் நாம் பாலை எடுத்து வருகிறோம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. வயிற்றுப்போக்கு உண்டாகி, மிஞ்சியிருந்த நீரும் போய்விடும்.

பூனை மோப்பத்தால் உணவைத் தேர்கிறது. மூக்கு அடைத்திருந்தால் எதிரே வைத்த மீனும் அதற்கு உணவாகத் தோன்றாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் மூக்கைத் துடைத்துவிட்டு, உணவையும் சற்றே சூடாக்கி வைத்தால் பல பூனைகள் உண்ணத் தொடங்கும். அப்போதும் உண்ணாவிட்டால் நாட்களைக் கடத்தக் கூடாது. தொடர்ந்து சில நாட்கள் உண்ணாத பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று தேங்கி, அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

கண்ணும் புண்ணும்

கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துப் பீளையின் மேல் சற்று நேரம் வைத்து, ஊறியபின் மெல்லத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. வீட்டில் மீந்த கண் சொட்டு மருந்தை விடுவது மிகத் தவறு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, பூனையின் கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிக் கண்ணே கெட்டுவிடும்.

புண்ணைக் கழுவ, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெய், டர்ப்பண்டைன், பினாயில் ஆகியவற்றைப் புண்ணிலும் சொறியிலும் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூனை நாள் முழுவதும் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் உயிர் என்பதை மறக்கக் கூடாது. அதன் தோலில் தடவியது எதுவும் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. புழு வைத்த புண்ணுக்கு மருத்துவரே மருந்து.

எங்கே கொண்டு செல்வது?

சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அறியாதவர் இரார். 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழைமையான கல்லூரி அது. 1959ஆம் ஆண்டு கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் தொடங்கிய இந்திய புளூ கிராஸ் சங்கமும் சென்னையில் உள்ளது. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் உள்ளன. அவை ஆடு மாடுகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

மருத்துவரிடம் செல்லும்போது, எப்போது கண்டோம், என்ன உண்டது, வாந்தி பேதி உண்டா, ஏதேனும் கொடுத்தோமா என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நலம். தவறாக ஏதேனும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாம் வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு வரி, ஓர் உயிரின் விலையாகிவிடலாம்.

மற்றப் பூனைகளின் பாதுகாப்பு

நோயுற்ற பூனையை இரண்டு வாரங்களாவது மற்றப் பூனைகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். பூனைகளைத் தாக்கும் நோய்களில் கொடியது பான்லூக்கோபீனியா என்பது. இதை உண்டாக்கும் பார்வோ வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி, இரத்த வெள்ளணுக்களை அழிக்கும். மருத்துவம் பெறாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். இந்த வைரஸ் பூனை கிடந்த இடத்தில் ஓர் ஆண்டு வரையிலும் உயிர்ப்போடு இருக்கக் கூடியது. சாதாரணச் சோப்பு நீருக்கு அது அழியாது. இடத்தை முதலில் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சிங் திரவத்தை 32 பங்கு நீரில் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது; ஆனால் நம் கை, செருப்பு, துணி வழியாக மற்றொரு பூனைக்குப் போய்ச் சேரும்.

நம் பாதுகாப்பு

தோழியரே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பூனை கடித்தாலும் பிராண்டினாலும், திட்டுவார்களே என்று அஞ்சி மறைக்கக் கூடாது. அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே பெரியவர்களிடம் சொல்லி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூனையின் பற்கள் ஊசி போன்றவை. மேலே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். ஓரிரு நாளில் சீழ் வைக்கக்கூடும். அதைவிட முக்கியமானது வெறிநோய். அறிகுறி தோன்றிவிட்டால் அதற்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டால் அது வராமல் தடுக்கலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அளித்த கொடை இது. அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மருத்துவர் குறிக்கும் நாட்களில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. காயத்தில் இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு வேறொரு மருந்தும் தேவைப்படும்.

பூனையின் சொறியும் படர்தாமரையும் நமக்கும் ஒட்டக்கூடும். எனவே கையுறை அணிவதும், தொட்டபின் சோப்பினால் கை கழுவுவதும் அவசியம். வீட்டில் கருவுற்ற தாய்மார் இருந்தால், பூனையின் மலத்தை அவர்கள் அப்புறப்படுத்தக் கூடாது. மற்றவர்கள் நாள்தோறும் அகற்றிவிட வேண்டும்.

பிழைத்த பின்

உடல் தேறிய பூனைக்கு மருத்துவரின் யோசனைப்படி தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். கருத்தடை அறுவையும் செய்ய வேண்டும். பெண் பூனை ஐந்து மாதத்திலேயே கருவுறக் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாட்களே. ஒரு பூனையைக் காப்பாற்றிவிட்டு அதன் குட்டிகளைத் தெருவில் விட்டால், நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தவர்கள் ஆவோம்.

இது வெறும் இரக்கச் செயல் அன்று. குடிமக்களின் கடமையும் ஆகும். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியைத் தொடர்ந்து, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. உயிர்களிடம் இரக்கம் காட்டுதல் நம் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது.

செவலை பிழைத்துக்கொண்டது. வந்த அன்று 1.6 கிலோ இருந்த பூனை, இரண்டு மாதத்தில் 3 கிலோ ஆயிற்று. இடது கண் மட்டும் வெண்மை படர்ந்து பார்வையிழந்துவிட்டது. மாலை ஜெபமணி அடிக்கும்போது சமையலறைத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்க்கும். எல்லாப் பூனைகளும் இப்படிப் பிழைப்பதில்லை. இனிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லும் நாளும் வரலாம். அப்போதும் கதகதப்பும் அமைதியும் தந்து, வலியில்லாமல் இருக்க மருத்துவர் சொல்வதைச் செய்வது வீண் போகாது.

நல்ல சமாரியர் உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு அவர் இரக்கப்பட்டார் என்பதோடு இயேசு கதையை நிறுத்திவிடவில்லை. அருகே சென்றார், காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், தம் விலங்கின் மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டு சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகவும் சொன்னார். அவருடைய இரக்கத்துக்குக் கால்களும் கைகளும் இருந்தன. எந்தக் காயத்துக்கு என்ன மருந்து, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவும் இருந்தது.

இந்த ஆண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது வேப்ப மரத்தடியில் சற்று நேரம் நின்றேன். நான் நட்ட குச்சிச் சிலுவை எப்போதோ மழையில் கரைந்து போயிருந்தது. மீண்டும் ஒன்றைக் கட்டி நட்டேன். விடுதிக்குத் திரும்பியதும் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். உங்களில் ஒருத்தி, என்றாவது ஒரு நாள், சோர்ந்து கிடக்கும் பூனையின் முன் மாத்திரையோடு குனியும்போது, இதை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டால் போதும். அந்தக் கறுப்பு வெள்ளைப் பூனைக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதி தீரும்.